கடல் தாண்டிய குரு வியாபாரம்

நம் நாட்டுச் சாமியார்களையும் குருமார்களையும் பற்றி நாம் இரண்டு வார்த்தை கண்டித்துப் பேச ஆரம்பித்தால், உடனே கூட்டத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் எழுந்து கேள்வி கேட்பது வழக்கம். "நன்றாய்ப் படித்த வெள்ளைக்காரர்களே, துரைமார்களும் துரைசானிகளுமே, சொந்த ஊரையும் உத்தியோகத்தையும் விட்டுவிட்டு ஒரு குருவைத் தேடிப் போய் அவர் மடத்தில் வருஷக்கணக்காய்க் குடியிருக்கிறார்களே! அவர்களுக்கெல்லாம் இல்லாத அறிவு உங்களுக்கு வந்துவிட்டதோ?" என்பதே அந்தக் கேள்வி. கேட்டவுடன் நாலு பேர் கைதட்டுவார்கள். கேட்டவரும் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

தோழர்களே! இதற்கு நாம் சொல்லும் பதில் சுருக்கமானது. வெள்ளைக்காரன் காலராவில் செத்துப்போனால் காலரா நல்ல வியாதி ஆகிவிடுமா? மூடநம்பிக்கைக்கு நிறம் கிடையாது. கறுப்பனை ஏமாற்றினால் புரட்டு, வெள்ளையனை ஏமாற்றினால் ஞானம் என்று ஒரு கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. ஒரு கொள்கை சரியா தப்பா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அதை நம்புகிறவனுடைய தோலைப் பார்ப்பது அடிமைப் புத்தியே தவிர வேறல்ல.

ஆனாலும் பெரிய மனிதர் கேட்டுவிட்டபடியால், நாமும் கடல் தாண்டியே போய்ப் பார்த்துவிடுவோம். அங்கே குருவை அண்டி மடத்தில் வாழப் போனவர்கள் என்ன அடைந்தார்கள், அடைந்ததை யார் கொடுத்தார்கள் என்பதை மூன்று இடங்களில் வைத்து விசாரிப்போம்.

முதலாவது இடம் பிரான்சு தேசம். பாரிஸ் பட்டணத்துக்குச் சுமார் 40 மைல் தூரத்தில், ஃபோந்தேன்புளோ என்னும் ஊரை ஒட்டினாற்போல் ஆவோன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பழைய மாளிகை ஒன்றில் 1922-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் குர்ஜீஃப் என்பவர் ஒரு மடம் ஆரம்பித்தார். அதற்கு 'மனிதனின் இசைவான வளர்ச்சிக்கான ஸ்தாபனம்' என்று நீண்ட பெயர். பெயர் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு விஷயம் குறைவு என்பது மடங்களுக்குப் பொது விதிபோலும். குர்ஜீஃப் ருஷிய சாம்ராஜ்யத்தின் தெற்குக் கோடியில், இப்போது ஆர்மீனியா என்று சொல்லப்படும் பாகத்தில் பிறந்தவர். தாம் ஆசியாக் கண்டமெல்லாம் சுற்றி, வெளியாருக்குத் தெரியாத ரகசியக் கூட்டங்களிடம் ஞானம் கற்றுவந்ததாகச் சொல்லிக்கொண்டவர். ருஷியப் புரட்சிக்குப் பிறகு தம் சிஷ்யர்களோடு ஊர் ஊராய்ச் சுற்றிக் கடைசியில் பிரான்சுக்கு வந்து சேர்ந்தார். மாளிகை எடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்களேயானால், பெரும்பாலும் இங்கிலாந்துப் பணக்கார சிஷ்யர்களிடமிருந்துதான்.

அவருடைய உபதேசத்தின் சாரம் என்னவென்றால், மனிதர்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதாகும். நடப்பது, பேசுவது, சண்டை போடுவது, காதலிப்பது எல்லாம் யந்திரம்போல் தானே நடக்கிறதாம். தானாக விழிக்க முடியாதாம். விழித்த ஒருவன் வந்து எழுப்பினால்தான் உண்டாம். அந்த விழித்த ஒருவர் யார் என்று நீங்கள் கேட்கவேண்டியதே இல்லை. இதில் உள்ள சாமர்த்தியத்தைக் கவனிக்கவேண்டும். "நீர் சொல்வது தப்பு" என்று ஒரு சிஷ்யன் சொன்னால், "பாவம், தூக்கத்தில் உளறுகிறான்" என்று முடித்துவிடலாம். நம் நாட்டில் "உனக்கு அஞ்ஞானம், உன் கர்மம்" என்று வாயை அடைக்கிறார்களே, அதே பூட்டுத்தான். சாவி மாத்திரம் ஐரோப்பாவில் செய்தது.

இந்த மடத்துக்கு யார் போனார்கள்? எழுத்தறியாத பாமரர்களா? இல்லை. லண்டனில் 1907-ம் வருஷம் முதல் 1922 வரை பதினைந்து வருஷம் 'நியூ ஏஜ்' என்னும் பத்திரிகையை நடத்தி, பெரிய பெரிய எழுத்தாளர்களையெல்லாம் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய ஓரேஜ் என்பவர் பத்திரிகையை விட்டுவிட்டுப் போனார். போனவருடைய கையில் குரு கொடுத்தது மண்வெட்டி. பேனா பிடித்த கை கொப்பளிக்க, முதுகு ஒடிய, அழுதுவிடும் அளவுக்கு அவர் தோண்டினார்.

மண்வெட்டி பிடிப்பதை நாம் கேவலம் என்று சொல்ல வரவில்லை. உடம்பால் உழைக்காத படிப்பாளிக்கு ஆறு மாதம் மண் வெட்டக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் நம் குடியானவன் பிறந்தது முதல் மண்வெட்டி பிடிக்கிறானே, அவனை எவனாவது "விழித்துக்கொண்ட ஞானி" என்று சொன்னதுண்டா? ஞானி என்று சொல்லாவிட்டால் போகட்டும். அவன் கூலியையாவது சரியாய்க் கொடுத்ததுண்டா? வயலில் வெட்டினால் கூலி, மடத்தில் வெட்டினால் மோக்ஷம் என்றால், வித்தியாசம் மண்ணிலும் இல்லை, மண்வெட்டியிலும் இல்லை. கூலி கொடுக்காமல் வேலை வாங்கும் தந்திரத்தில்தான் இருக்கிறது.

நிற்க, இந்த மடத்துக்குப் போன இன்னொருவருடைய சங்கதியே முக்கியமானது. காதரீன் மான்ஸ்ஃபீல்டு என்னும் அம்மையார் 1888-ம் வருஷம் நியூஜிலாந்து தேசத்தின் வெல்லிங்டன் நகரத்தில் பிறந்து, இங்கிலாந்துக்கு வந்து சிறுகதை எழுதி மிகப் பேர் பெற்றவர். 1917-ம் வருஷக் கடைசியில் இவருக்கு க்ஷயரோகம் என்று டாக்டர்கள் கண்டார்கள். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. கிருமியை 1882-ல் கோக் என்னும் ஜெர்மன் டாக்டர் கண்டுபிடித்துவிட்டாலும், அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரைக்கும் ஓய்வு, சுத்தமான காற்று, நல்ல ஆகாரம் இவைகளைத் தவிர வேறு வழியில்லை. அம்மையார் ஊர் ஊராய் அலைந்தார். பாரிசில் ஒரு டாக்டர் மண்ணீரலின்மேல் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினால் குணமாகும் என்று சொல்லப் பணத்தைக் கொட்டி அதையும் செய்துகொண்டார், பிரயோஜனமில்லை. பட்டம் வாங்கின டாக்டராயிருந்தாலும், ருஜு இல்லாமல் "குணமாக்குவேன்" என்று சொன்னால் அவரும் ஒரு சாமியார்தான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறோம். நமக்கு ஆள் முக்கியமல்ல, ருஜுதான் முக்கியம்.

கடைசியாக அந்த அம்மையார் 1922 அக்டோபரில் குர்ஜீஃப் மடத்தில் போய்ச் சேர்ந்தார். அங்கே சமையலறையில் உட்கார்ந்து காய்கறி சீவினார். குளிரில் கஷ்டப்பட்டார். மாட்டுக் கொட்டகைக்கு மேலே ஒரு பரண் கட்டி, கம்பளமும் திண்டும் போட்டு, சித்திரம் எழுதி அலங்கரித்து, அங்கே படுத்துக்கொண்டு மாட்டின் மூச்சைச் சுவாசிக்கும்படி குரு ஏற்பாடு செய்தார். க்ஷயரோகிக்கு மாட்டு மூச்சு நல்லது என்பது ஐரோப்பாவில் பழைய நாட்டுப்புற நம்பிக்கை. கோமியத்தைப் பார்த்துச் சிரிக்கிற துரைமார்கள் இதைக் கவனிக்கவேண்டும். இதைக் காட்டிக் கோமியத்துக்கு யோக்கியதாப் பத்திரம் எழுதப் பார்க்கிற நம்மவர்களும் முடிவைக் கவனிக்கவேண்டும். முடிவு என்ன? 1923-ம் வருஷம் ஜனவரி 9-ந்தேதி, அம்மையாருடைய கணவர் பார்க்க வந்திருந்தார். அன்று இரவு மாடிப்படி ஏறும்போது இருமல் வந்து, ரத்தம் கொட்டி, 34-ம் வயதில் அம்மையார் இறந்துபோனார். மடத்தில் வாழ்ந்தது மூன்று மாதத்துக்கும் குறைவு.

குருதான் அவரைக் கொன்றார் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். எங்கே இருந்திருந்தாலும் அவர் நெடுநாள் பிழைத்திருக்கமாட்டார் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். குருவின் பக்ஷக்காரர்கள் உடனே, "பார்த்தீர்களா! சாகப்போகிற ஒரு ஸ்திரீக்குக் கடைசிக் காலத்தில் ஒரு சந்தோஷம் கிடைத்தது. அவர் எழுதின கடிதங்களிலேயே அது தெரிகிறது. அதைக் கெடுக்க நீங்கள் யார்?" என்பார்கள்.

இந்தக் கேள்வி யோக்கியமான கேள்வி. இதைத் தட்டிக்கழிக்க நாம் தயாரில்லை. ஏனென்றால், நம் ஊர்களிலும் மகனைப் பறிகொடுத்த தாயும், தீராத நோய்க்காரனும், வேலை போனவனும் ஆசிரமத்துக்குப் போய்விட்டு வந்து, "மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்தது" என்றுதான் சொல்லுகிறார்கள். அவர்களை முட்டாள் என்று திட்டுவது பகுத்தறிவு ஆகாது. ஆறுதல் கிடைத்தது வாஸ்தவமே. அந்த ஆறுதல் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

யோசித்துப் பாருங்கள். பேர் பெற்ற அந்த எழுத்தாளரை அதுவரை ஜனங்கள் நோயாளியாகப் பார்த்தார்கள், பயந்து விலகினார்கள், ஹோட்டல் ஹோட்டலாய்த் தனியே கிடந்தார். மடத்திலே கூட இருந்தவர்கள் ஒதுக்காமல் சேர்த்து உட்கார வைத்தார்கள். ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். "நீ ஒன்றுக்கும் உதவமாட்டாய்" என்று சொல்லாமல் காய்கறியைக் கொடுத்துச் சீவச் சொன்னார்கள். பரணுக்குப் படமெழுதியவன் ஒரு சிஷ்யன். பால் கறந்தவர்களும் அடுப்பு மூட்டினவர்களும் சிஷ்யர்கள். இதிலே மனிதனுக்கு மனிதன் காட்டின அன்பைத் தவிர அதீத ஞானம் எங்கே இருக்கிறது? மடத்தில் இருக்கும் நல்லதெல்லாம் கூட வாழ்கிறவர்கள் கொடுத்தது. குரு கொடுத்தது உத்தரவு ஒன்றுதான். சிஷ்யர்கள் சமைத்த சாதத்துக்குக் குரு தம் பேரில் பில் போட்டுக் கொடுக்கிறார். இதுவே குரு வியாபாரத்தின் முழு ரகசியம்.

குருவின் பின்கதையையும் கேளுங்கள். 1924 ஜூலையில் அவர் ஓட்டிப்போன மோட்டார் மரத்தில் மோதி உயிருக்கு ஆபத்தாகிவிட்டது. உலகமே தூங்குகிறது, நான் ஒருவனே விழித்திருக்கிறேன் என்றவருடைய வண்டி மரத்தில் மோதிற்று என்று நாம் கேலி செய்ய விரும்பவில்லை. விபத்து எல்லா மனிதருக்கும் வரும். அவரும் ஒரு மனிதர் என்பதே நாம் சொல்வது. பிறகு ஸ்தாபனம் கலைந்தது, மாளிகையும் கைமாறிற்று. 1949 அக்டோபர் 29-ந்தேதி குரு காலமானது எங்கே? மாட்டுக் கொட்டகைப் பரணிலா? அல்ல, பாரிசை அடுத்த நெய்யி என்னுமிடத்தில் உள்ள அமெரிக்கன் ஆஸ்பத்திரியில். சிஷ்யைக்கு மாட்டு மூச்சு, குருவுக்கு டாக்டர் மருந்து! இருவரையும் ஆவோன் மயானத்தில்தான் புதைத்திருக்கிறார்கள். விழித்தவருக்கும் தூங்கினவருக்கும் மண் ஒன்றுதான்.

இரண்டாவது இடம் அமெரிக்கா. இது நம் காலத்துச் சங்கதி. குருவும் நம் தேசத்திலிருந்து ஏற்றுமதியான சரக்கு. ரஜனீஷ் என்பவர் 1981-ல் பூனாவை விட்டு அமெரிக்கா சென்றார். அதே வருஷம் அவருடைய சிஷ்யர்கள் ஆரிகன் மாகாணத்தில் சுமார் 64,000 ஏக்கர் விஸ்தீரணமுள்ள ஒரு பண்ணையை வாங்கினார்கள். அமெரிக்கா, ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய தேசங்களிலிருந்து டாக்டர்கள், வக்கீல்கள், இஞ்சினீயர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறினார்கள். காட்டைத் திருத்தி ரோடு போட்டார்கள், அணை கட்டினார்கள், வீடு கட்டினார்கள், காய்கறி பயிரிட்டார்கள். இரவு பகலாய் உழைத்தார்கள். அந்த உழைப்புக்கு அங்கே இட்ட பெயர் என்ன தெரியுமா? 'வழிபாடு'! வேலை என்று சொன்னால் கூலி கேட்பான், நேரம் கேட்பான், சங்கம் வைப்பான். வழிபாடு என்று சொல்லிவிட்டால் எவன் வாய் திறப்பான்?

இத்தனை பேரும் குருவிடம் பாடம் கேட்கத்தானே போனார்கள்? குருவோ 1981 முதல் 1984 வரை பொதுவில் வாய் திறக்காமல் மௌன விரதம். அவருக்குப் பதிலாய்ப் பேசி, ஆட்சி செய்தவர் ஷீலா என்னும் காரியதரிசி. தினந்தோறும் குரு மோட்டாரில் பவனி வருவார். சிஷ்யர்கள் ரோட்டின் இருபுறமும் நின்று கும்பிடுவார்கள். நம் ஊர்த் தேருக்கு நாம் வடமாவது பிடிக்கிறோம்; அங்கே பெட்ரோல். ரோல்ஸ் ராய்ஸ் மோட்டார்கள் மட்டும் 93 சேர்ந்தன. ஆசையை ஒழிக்கப் போதிக்கும் குருமார்களையே நாம் பார்த்திருக்கிறோம். இவர் பணக்காரராயிருப்பது பாவமல்ல என்று வெளிப்படையாய்ச் சொன்னவர் என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம். அந்த மட்டில் நம் மடாதிபதிகளைவிட யோக்கியர். ஆனால் உழைத்தவன் ஒருவன், பவனி வந்தவர் ஒருவர் என்பது மாத்திரம் மாறவில்லை.

பிறகு நடந்தது என்ன? 1984 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், அந்த ஜில்லாத் தேர்தலில் மற்ற ஜனங்கள் ஓட்டுப் போட வராமலிருக்க வேண்டும் என்று, பக்கத்து ஊராகிய த டால்ஸ் என்னுமிடத்தில் பத்து ஹோட்டல்களின் பச்சைக் காய்கறிப் பண்டங்களில் நோய்க்கிருமியைக் கலந்தார்கள். 751 பேர் நோயில் விழுந்தார்கள். தெய்வாதீனம் என்று சொல்லமாட்டோம், வைத்திய சகாயத்தால் ஒருவரும் சாகவில்லை. 1985 செப்டம்பரில் ஷீலா மடத்தை விட்டு ஓடினார். பின்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். தமக்கு ஒன்றும் தெரியாது என்றார் குரு. எல்லாம் அறிந்த ஞானிக்குத் தம் சொந்தச் சமையற்கட்டுக்கு அடுத்த அறையில் நடப்பது தெரியவில்லை! அவரும் 1985 அக்டோபரில் கைதாகி, குடியேற்றச் சட்டத்தை மீறின வழக்கில் 4 லட்சம் டாலர் அபராதமும் கட்டி அமெரிக்காவை விட்டு வெளியேறினார். குரு போனார், ஊர் கலைந்தது, கைப்பணத்தையும் வயசையும் கொட்டின சிஷ்யர்கள் மூட்டையைக் கட்டினார்கள்.

இங்கே ஒன்றை மறக்கக்கூடாது. கிருமியைக் கலந்தவர்கள் பிறவிப் பாதகர்கள் அல்லர். படித்தவர்கள், அன்பைத் தேடிப் போனவர்கள். "ஏன்?" என்ற கேள்வியை வாசலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போனவர்கள். கேள்வியைக் கழற்றி வைத்தவன் கையில் எதைக் கொடுத்தாலும் செய்வான். இன்றைக்கு மண்வெட்டி, நாளைக்கு விஷம்.

மூன்றாவது இடத்துக்குச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். அது ஹாலந்து தேசத்து ஓமன் என்னும் ஊர். ஆனால் கதை ஆரம்பிப்பது நம் சென்னை அடையாற்றில். 1909-ல் அடையாறு பிரம்மஞான சங்கத்தில் வேலையாயிருந்த ஒருவருடைய பிள்ளையைக் கடற்கரையில் கண்டு, உலக குரு இறங்கி வரப்போகும் சரீரம் இதுவே என்று வெள்ளைக்காரத் தலைவர்கள் தீர்மானித்தார்கள். அந்தப் பிள்ளைதான் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவருக்காக 1911-ல் ஒரு சங்கமும் ஏற்பட்டது. பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள் என்று தகப்பனார் அன்னி பெசன்ட் அம்மையார்மீது சென்னை ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டு 1913-ல் ஜெயித்தார். 1914-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். உலக குருவை உண்டாக்க ஒரு தகப்பனிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கவேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளை வளர்ந்து, ஓமனில் வருஷந்தோறும் கூடும் முகாமில், 1929 ஆகஸ்டு 3-ந்தேதி, சுமார் 3,000 சிஷ்யர்களுக்கு முன்னால் எழுந்து நின்று, சங்கத்தைக் கலைக்கிறேன் என்றார். உண்மையை அடைய எந்தச் சங்கமும் எந்தக் குருவும் வழிகாட்ட முடியாது, எனக்குச் சிஷ்யர்கள் வேண்டாம் என்பது அவர் பேச்சின் கருத்து. தமக்கென்று கொடுத்த நிலத்தையும் கோட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாம் அவருடைய மற்ற அபிப்பிராயங்களை ஒப்புக்கொள்ளாவிட்டாலும், இந்தக் காரியத்தை மனதாரப் பாராட்டுகிறோம். வியாபாரியே கடையை மூடி, "சரக்கு போலி" என்று வாக்குமூலம் கொடுத்தது குரு வியாபாரத்திலேயே அபூர்வம்.

ஆனால் சிஷ்யர்கள் என்ன செய்தார்கள்? பலர் அழுதார்கள். குரு வேண்டாம் என்று சொன்னவரையே அப்புறம் குருவாக்கிக்கொண்டு, 1986-ல் அவர் சாகும் வரையில் கூட்டம் கூட்டமாய் வந்து, "குரு வேண்டாம்" என்பதை அவர் வாயாலேயே வருஷா வருஷம் கேட்டுவிட்டுப் போனார்கள்! குரு போனாலும் குருவுக்கு ஏங்கும் மனசு போகவில்லை. ஆகவே, நாம் ஒழிக்கவேண்டியது இந்தக் குருவையோ அந்தக் குருவையோ அல்ல. நமக்குப் பதிலாய் இன்னொருவன் யோசிக்கட்டும் என்கிற சோம்பலைத்தான்.

இனி உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது ஒரு மடத்துக்குக் குடிபோகக் கிளம்பினால், அவர்களைத் திட்டாதீர்கள், மறிக்காதீர்கள். ஐந்து கேள்விகளை மாத்திரம் கையில் கொடுத்தனுப்புங்கள். மடத்துச் சொத்து யார் பேரில் இருக்கிறது? அங்கே வேலை செய்கிறவனுக்குக் கூலி உண்டா? குருவை நாலு பேர் முன்னிலையில் "நீர் சொல்வது தப்பு" என்று சொல்ல முடியுமா? வேண்டாம் என்று தோன்றினால் கொடுத்த பணத்தோடு வெளியே வர முடியுமா? குருவுக்குக் காய்ச்சல் வந்தால் திருநீறு பூசிக்கொள்கிறாரா, டாக்டரைக் கூப்பிடுகிறாரா? ஐந்துக்கும் நேர்மையான பதில் வரும் இடம் ஒன்று இருக்குமானால் தாராளமாய்ப் போகட்டும். ஆனால் அந்த இடத்துக்குக் குரு தேவையிருக்காது. அது நல்ல பள்ளிக்கூடமாகவோ, தொழிலாளர் சங்கமாகவோ, ஆஸ்பத்திரியாகவோ இருக்கும்.

துக்கப்பட்டவன் ஆறுதலைத் தேடி மடத்துக்குப் போகிறான் என்றால், அந்தத் துக்கத்தில் அவன் பக்கத்தில் போய் உட்கார நாம் தவறிவிட்டோம் என்று அர்த்தம். நோயாளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பந்தியில் சாப்பிடுங்கள். முடிந்த வேலையைக் கொடுத்து மனிதனாய் நடத்துங்கள். ஆவோன் மடத்தில் ஒரு க்ஷயரோகி ஸ்திரீ கண்ட ஆறுதல் முழுவதும் இவ்வளவுதான். இதை ஒவ்வொரு தெருவிலும் நாமே கொடுத்துவிட்டால் குரு வியாபாரம் தானே படுத்துவிடும். இதற்குக் கப்பலும் வேண்டாம், விமானமும் வேண்டாம், காணிக்கையும் வேண்டாம்.